காமு வீட்டு லாந்தர்கள்

டாலிகஞ்சில் எங்களுக்கும் காமுவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார் வங்காளிச் சொந்தக்காரர். முன்பாதி அவர்களுக்கு, பின்பாதி எங்களுக்கு. கல்கத்தா என்று பேர்தான். டிராம் வந்து நிற்கும் இடத்திலிருந்து சந்துக்குள் நடந்தால் குளம், மூங்கில் புதர், வாழை, மாமரம், இருட்டினால் நரி ஊளை. பட்டணத்தில் இருக்கிறாய், உனக்கென்ன என்று ஊரிலிருந்து எனக்குக் கடிதம் போடுவார்கள். வந்து ஒரு சாயங்காலம் இருந்து பார்த்தால் தெரியும்.

தினம் மத்தியானம் பாத்திரம் தேய்த்து முடிந்ததும் காமு லாந்தர்களோடு கொல்லைப்படியில் உட்கார்ந்துவிடுவாள். வெயில் மண்டையைப் பிளக்கும். பழைய வேட்டித் துணி, சலித்த அடுப்புச் சாம்பல், கத்தரிக்கோல், மண்ணெண்ணெய் டின், புனல் எல்லாம் சுற்றிலும் இருக்கும். ஒவ்வொரு சிம்னியாகக் கழற்றிச் சாம்பல் தொட்டுத் துடைப்பாள். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். மறுபடி துடைப்பாள். திரியின் கருகல் மட்டும் போகும்படி நேராகக் கத்தரித்து, இரண்டு மூலையையும் துளி கிள்ளிவிடுவாள். மூலை நீண்டிருந்தால் சுடருக்குக் கொம்பு முளைத்துக் கண்ணாடியெல்லாம் கரியாகிவிடுமாம். தீப்பெட்டி நமத்துப்போகாமலிருக்க ஒவ்வொன்றையும் ஒரு பழைய மருந்து டப்பாவில் போட்டு அழுத்தி மூடுவாள். அப்புறம் லாந்தரும் டப்பாவுமாக ஜோடி ஜோடியாகக் கொண்டுபோய் வைப்பாள். கூடத்தில் ஒன்று, நடையில் ஒன்று, சமையலறை வாசலில் ஒன்று, கிணற்றடிப் படியில் ஒன்று. வைத்த இடத்திலிருந்து அதை யாரும் ஒரு சாண் நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் அன்றைக்கு அந்த வீட்டில் சண்டைதான்.

இதில் சிரிப்பு என்னவென்றால், அந்த வீட்டில் எலெக்ட்ரிக் விளக்கு இருந்தது. சந்தில் எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் கம்பி இழுத்தார்கள். ஸ்விட்சைத் தட்டினால் பளிச்சென்று எரிகிற பல்பை வைத்துக்கொண்டு, இவள் மண்ணெண்ணெய் நாற்றத்தில் உட்கார்ந்திருப்பாள். அந்த நாற்றம் சுவர் ஏறிக் குதித்து என் சமையலறைக்கு வரும். எனக்குக் கோபமாக வரும். அவளுடைய ஆத்துக்காரர் அனந்தகிருஷ்ணன் கிளைவ் தெருவில் ஒரு சணல் கம்பெனியில் குமாஸ்தா. நல்ல மனுஷர், வாய் மட்டும் சும்மா இருக்காது. "சாந்த்ராகாச்சி ரயில் யார்டுலகூட இத்தனை லாம்பு கிடையாது. எங்காத்து லாம்ப்மேன் டியூட்டிக்குக் கிளம்பிட்டா" என்று எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்துச் சொல்வார். நாங்களும் சிரிப்போம். காமுவும் சிரிப்பாள்.

நாங்கள் சிரித்திருக்கக் கூடாது. காமுவுக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் அவளுக்குக் கண் தெரியாது. பக்கத்துப் பாதியில் அத்தனை வருஷம் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை என்றால், அவள் எத்தனை கெட்டிக்காரத்தனமாக மறைத்தாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாலி கட்டினவருக்கே தெரியாது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அவளுடைய அம்மா தனியாகக் கூப்பிட்டு, "வாயைத் திறக்காதே. பகல்லே சமத்தா இருந்தா ராத்திரியைப் பத்தி யாரும் கேக்கமாட்டா" என்றாளாம். அன்றைக்கு மூடின வாய். கல்கத்தா வந்து குடித்தனம் வைத்த புதிதில் அனந்தகிருஷ்ணனின் சிநேகிதர் ஒருவர் ராத்திரி சாப்பாட்டுக்கு வந்தார். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் இவள் ரசத்தை இலைக்கு வெளியில் தரையில் ஊற்றினாள். அசடு என்று பேர் வாங்கினாள். காளிகாட்டில் யார் வீட்டிலோ நவராத்திரிக் கொலு. எதிரே வந்து சிரித்தவர்களைப் பார்த்தும் பாராமல் போனாள். கர்வி என்று பேர் வாங்கினாள். இந்த இரண்டு பட்டத்தையும் வாங்கிக்கொண்டுதான் மூன்றாவது பட்டத்திலிருந்து தப்பித்தாள். வாரத்தில் பாதி நாள் கீரையாகச் சமைப்பாள், யாரோ கண்ணுக்கு நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு இருந்தது கீரையில் தீருகிற மாலைக்கண் இல்லை.

கிணற்றடிப் படி, கொல்லைப்படி, நடைவாசல் எல்லாவற்றிலும் ஓரத்தோடு ஓரமாகத் தினமும் கோலமாவால் பட்டைக்கோடு இழுத்திருப்பாள். படிக்குப் படி கோலம் போடுகிறாளே, இந்த அம்மாளுக்கு எத்தனை பக்தி என்று எல்லோரும் சொல்வார்கள். நான் மட்டும், பக்தி இல்லை, பகட்டு என்பேன். படி எங்கே முடிகிறது என்று தெரிவதற்காக அவள் போட்டுக்கொண்ட வெள்ளைக் கோடு அது. இது எங்கள் இரண்டு கட்சிக்குமே தோன்றவில்லை.

எலெக்ட்ரிக் விளக்கு வந்த அன்றுதான் ராத்திரியில் தன் வீடு எப்படி இருக்கும் என்பதையே அவள் பார்த்தாளாம். சுவரில் பல்லி இருந்தது. மூலையில் ஒட்டடை இருந்தது. மீனாக்ஷி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். மீனாக்ஷி அவளுடைய ஒரே பெண். அவள் தூங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். இதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

அந்தச் சந்தோஷம் சித்திரை வரைக்கும்தான் இருந்தது. இந்த ஊரில் கோடை மாலைகளில் வடமேற்கிலிருந்து ஒரு புயல் எழும்பும். கால்பைசாகி என்பார்கள். வானம் கறுத்து, மண்ணை வாரி இறைத்து, மரத்தை முறிக்கும். முறிந்த கிளை கம்பியில் விழும். பல்பு ஒரு தரம் மினுக்கிவிட்டு அணைந்துபோகும். மறுபடி கரண்ட் வரச் சிலசமயம் இரண்டு நாள்கூட ஆகும். முதல் புயலில் காமு சமையலறை நடுவில் கையில் குழம்புக் கற்சட்டியோடு நின்றுவிட்டாள். வெளிச்சம் பழகின பிறகு வந்த இருட்டு முன்னைவிட மோசமாக இருந்ததாம். பழைய நாளில் எட்டி வைக்கத் தெரிந்த அடியெல்லாம் மறந்துபோயிருந்தது. மறுநாளிலிருந்து லாந்தர் வேலை தொடங்கியது. எந்தச் சாயங்காலம் கரண்ட் போகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் எல்லாச் சாயங்காலமும் தயாராக இருந்தாள். பயந்துகொண்டே இருந்தாள் என்று சொன்னாலும் சரிதான்.

மீனாக்ஷிக்குப் பதினைந்து முடிந்திருந்தது. சாரதா சட்டம் வந்த புதிது. பதினாலுக்கு முன்னால் கட்டிக் கொடுக்கக் கூடாது என்று சர்க்கார் சொல்லிவிட்டது, பதினாலைத் தாண்டினால் நம்மவர்கள் வாய் சும்மா இருக்குமா? பெண் பவானிபூரில் வங்காளிப் பெண்களோடு படித்தவள். அம்மாவை 'மா' என்றுதான் கூப்பிடுவாள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், வங்காளியில் கடகடவென்று பேசுவாள். நல்ல நிறம், நல்ல குரல். பவானிபூரில் இருந்த சிவராமகிருஷ்ணன், சர்க்கார் கணக்கு ஆபீஸில் உத்தியோகம், தன் பிள்ளை வாஞ்சிநாதனுக்கு இவளைக் கேட்டு ஆள் அனுப்பினார். பிள்ளை ஒரு பாங்கில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் பார்க்க வருவதுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமைதான் சௌகரியம் என்றார்கள். காலையில் அவர்கள் வீட்டில் பஜனை. மாலையில் ராகுகாலம் கழிந்து ஆறு மணிக்கு மேல்தான் வாசலை மிதிப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஞாயிறு ராகுகாலம் ஆறு மணிக்குத்தான் முடிகிறது, அதற்குள் கல்கத்தாவில் பொழுதும் முடிந்துவிடுகிறது.

காமு சுவருக்கு அந்தப் பக்கம் ஆத்துக்காரரோடு மன்றாடியது எனக்குக் கேட்டது.

"ஏன்னா, காலம்பற வரச் சொல்லுங்கோளேன்."

"பஜனைன்னுதானே சொன்னா."

"வேற ஒரு நாள் காலம்பற."

"ஆபீஸை விட்டுட்டா வருவா? பொண்ணைப் பாக்கறதுக்கு வெயிலா வேணும் உனக்கு?"

அதற்கு மேல் அவளால் என்ன சொல்ல முடியும்? அவளுக்கு இருந்த பயம் இதுதான். இலைக்கு வெளியில் ரசம் ஊற்றின கதை போல அன்றைக்கும் ஏதாவது செய்துவைப்போம். அம்மாவுக்கு மாலைக்கண் என்று தெரிந்துபோகும். அம்மாவுக்கு இருந்தால் பெண்ணுக்கும் வரும் என்று எழுந்து போய்விடுவார்கள். மீனாக்ஷியின் கல்யாணம் தன்னால் கெடும். பெண்ணுக்கு வந்திருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. இருட்டில் பெண் தடுமாறுவதைப் பார்க்க அம்மாவுக்குக் கண் வேண்டுமே.

அன்று மத்தியானம் லாந்தர்களை இரண்டு தரம் துடைத்தாள். என்னிடம் வந்து, "சுப்பு, பலகாரமெல்லாம் நீ எடுத்துண்டு வந்து வைக்கறயா? எனக்குக் கை நடுங்கறது" என்றாள்.

"பொண்ணைப் பெத்தவா எல்லாருக்கும் நடுங்கத்தான் செய்யும். போ, தலையை வாரிக்கோ" என்றேன்.

ஆறு அடித்ததும் மூன்று பேரும் வந்தார்கள். சிவராமகிருஷ்ணன், அவர் மனைவி ஜகதாம்பாள், பிள்ளை வாஞ்சிநாதன். மேற்கே வானம் கருநீலமாகத் திரண்டிருந்தது. அவர்கள் கூடத்தில் பாயில் உட்கார்ந்தார்கள். பல்பு எரிந்துகொண்டிருந்தது. காமு நிலைப்படிக்கு அருகில் நின்று வாங்கோ என்று கேட்டாள். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பஜ்ஜியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நான் சமையலறைக்குத் திரும்புகிறேன், காற்று கதவுகளை அறைந்தது. கொல்லையில் வாழை முறிகிற சத்தம். பல்பு மினுக்கியது, போயிற்று.

நான் அப்படியே நின்றுவிட்டேன். காமு நிற்கவில்லை. டப்பா திறக்கிற சத்தம் கேட்டது, தீக்குச்சி உரசியது, கூடத்து லாந்தர் எரிந்தது. அப்புறம் நடை லாந்தர், அப்புறம் சமையலறை. கையாலேயே தடவித் தடவி வீடு முழுக்க ஏற்றிவிட்டாள். கூடத்தில் சிவராமகிருஷ்ணன் சொல்வது கேட்டது: "பேஷ், இப்படின்னா குடித்தனம் பண்ணணும். எங்காத்துல கரண்ட் போனா தீப்பெட்டி தேடவே ஒரு தீப்பெட்டி வேணும்." காமுவின் முகத்தில் அத்தனை வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாவி, அந்தச் சந்தோஷம் கால் மணி நேரம் இருந்திருக்குமா?

அனந்தகிருஷ்ணனுக்கு உபசாரம் தலைக்கேறிவிட்டது. விருந்தாளிக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கட்டும் என்று நடையில் இருந்த லாந்தரைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சிவராமகிருஷ்ணனுக்கு முன்னால் வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் நடை இருட்டாகிவிட்டது. கூடத்துப் பக்கக் கோடியில் மட்டும் உள்ளேயிருந்து வெளிச்சம் விழுந்தது. காமு அந்த இடத்தில்தான் நின்றிருந்தாள், பெண்ணைக் கூட்டிப்போக.

நான் மீனாக்ஷி கையில் காபித் தட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு அவள் பின்னாலேயே போனேன். அவள் நடையில் மெதுவாகப் போனாள். பாதத்தைத் தூக்கவில்லை, தேய்த்துக்கொண்டே போனாள். தட்டு ஒரு கையில் இருந்தது, இன்னொரு கையின் புறங்கை சுவரை உரசிக்கொண்டு போனது, வளை சுவரில் கீச்சிட்டது. கூச்சம், வேறென்ன என்று நினைத்தேன். காமுவுக்கு ஒரு முழத்துக்கு அருகில் வந்ததும் நின்றாள். லாந்தர் வெளிச்சம் காமுவின் முகத்தில் நன்றாக விழுந்திருந்தது. மூக்குத்தி மின்னுவது பின்னால் நிற்கிற எனக்குத் தெரிந்தது.

"யாரு நிக்கறது?" என்றாள் மீனாக்ஷி.

காமு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமியா? எனக்கு முன்னாடி வந்துட்டேளா? கொஞ்சம் வழி விடுங்கோ, தட்டு கனக்கறது."

காமு சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டாள். பெண் அவளைக் கடந்து கூடத்துக்குள் போனாள். காமு நின்ற இடத்திலேயே கீழே உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியாமல், "என்னடி, மயக்கமா?" என்று குனிந்தேன். அவள் என் காதில் இரண்டு வாக்கியம் சொன்னாள். தன்னைப் பற்றி ஒன்று, பெண்ணைப் பற்றி ஒன்று. அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது.

கூடத்தில் பெண் பார்க்கும் காரியம் அழகாக நடந்துகொண்டிருந்தது. மீனாக்ஷி நமஸ்காரம் பண்ணினாள், உட்கார்ந்து ஒரு கீர்த்தனம் பாடினாள். மழைச் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் கேட்டது. ஜகதாம்பாளுக்குப் பரம திருப்தி. "இந்தக் காலத்துப் பொண்கள் தலையை நிமிர்த்திண்டு விறுவிறுன்னு வரா. இவளைப் பாருங்கோ, அடிமேல அடி வெச்சுத் தலையைக் குனிஞ்சுண்டு வந்தாளே. பட்டணத்துல வளந்தும் அடக்கம் போகலை" என்றாள். சிவராமகிருஷ்ணன் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், பிள்ளை தலையை ஆட்டியிருக்க வேண்டும். "எங்களுக்குச் சம்மதம். நாளும் நன்னாத்தான் இருக்கு, இப்பவே வெத்தலை பாக்கு மாத்திண்டுடலாமே" என்றார்.

மீனாக்ஷி வெற்றிலைத் தட்டு எடுக்க உள்ளே வந்தாள். நான் எழுப்பிச் சமையலறைக்குக் கூட்டிவந்திருந்த காமு அவள் கையைப் பிடித்தாள்.

"எத்தனை நாளாடி?"

பெண்ணுக்கு எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "சின்னதுலேர்ந்து" என்றாள்.

"ஏன் சொல்லலை?"

"சொல்ல வேண்டியிருக்கலை மா. சின்னதுல விளக்கு வெச்சதும் தூங்கப் போட்டுடுவே. அப்புறம் பல்பு வந்தது. பல்பு போனா நீ லாந்தர் ஏத்தி வெச்சுடுவே. எல்லாம் எங்கே இருக்குன்னு எனக்கும் பாடம் ஆயிடுத்து." சற்று நிறுத்திவிட்டு, "உனக்கும்தானே மா?" என்றாள்.

அம்மாவுக்குத் தெரியவில்லை. பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. ஓர் இடத்தில் நின்று யோசித்து அடி வைப்பவளை, அதே மாதிரி யோசிப்பவள் காதாலேயே கண்டுபிடித்திருக்கிறாள்.

"நான் போய்ச் சொல்லப்போறேன்" என்றாள் காமு.

"வேண்டாம் மா."

"இருபது வருஷமா தினம் சாயங்காலம் செத்துப் பொழைக்கறேன். உனக்கு அது வேண்டாம்."

"நான் ஒண்ணும் சாகலை. எனக்குப் பழகிடுத்து. நான் பாத்துக்கறேன். சொல்லாதே மா." பெண் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். சின்னக் குழந்தையில்கூட அவள் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

நான் மீனாக்ஷி கட்சி. அதை ஒளிக்க மாட்டேன். "பைத்தியக்காரி, கல்யாணம் ஆகட்டும், அப்புறம் அவாளே பழகிப்பா. எந்த வீட்டுலதான் குறை இல்லை? உங்கம்மா உனக்குப் பண்ணலையா?" என்று காமுவின் புஜத்தைப் பிடித்துக் கிள்ளினேன். வலிக்கத்தான் கிள்ளினேன்.

"அம்மா பண்ணினதுனாலதான் சொல்றேன்" என்றாள். முந்தானையை மெதுவாகப் பிரித்துக்கொண்டு நடையைப் பிடித்தாள். இருட்டில், சுவரைத் தொட்டுக்கொண்டு, பாதத்தைத் தேய்த்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அவள் அதை மறைக்கவில்லை.

கூடத்து வாசலில் நின்று, எந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று நிச்சயம் தெரியாமல், லாந்தரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "தட்டை மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். பொண்ணுக்கு மாலைக்கண். பொழுது போனா சரியாத் தெரியாது. எங்கிட்டேர்ந்து வந்தது. மத்தபடி அவகிட்ட ஒரு குறையும் இல்லை."

அனந்தகிருஷ்ணன் வாயைத் திறந்தவர் மூடவில்லை. ஜகதாம்பாள் சுற்றிலும் இருந்த லாந்தர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கெட்டவள் இல்லை அவள். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சொன்னது நல்லதாப் போச்சு மாமி" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தேவலை. பெரிய ஆபத்திலிருந்து தப்பித்த நிம்மதிதான் இருந்தது.

எழுந்து போய்விட்டிருந்தால் ஒரு மாதிரி. போக முடியவில்லை, மழை விடவில்லை. அந்த மூன்று பேரும் அந்தக் கூடத்தில், அந்த லாந்தர்களுக்கு நடுவில், மழை நிற்கும் வரை உட்கார வேண்டியிருந்தது. மாங்காய் எல்லாம் உதிர்ந்துபோயிருக்கும் என்றார் சிவராமகிருஷ்ணன். ஆமாம் என்றார் அனந்தகிருஷ்ணன். டிராம் ஓடுகிறதோ என்னவோ என்றார் அவர். ஓடும் என்றார் இவர். மீனாக்ஷி உள்ளே வெற்றிலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் எனக்கு மெதுவாகப் போனது போல வேறு எந்த நேரமும் போனதில்லை.

மழை விட்டதும் கிளம்பினார்கள். சந்து சேறும் கிளையுமாகக் கிடக்கும், கையில் வெளிச்சம் இருக்கட்டும் என்று அனந்தகிருஷ்ணன் ஒரு லாந்தரைக் கொடுத்தனுப்பினார். யோசித்துச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். மறுநாள் அவர்கள் வேலைக்காரன் லாந்தரைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான். சொல்லி ஒன்றும் அனுப்பவில்லை.

அவர்கள் வந்துபோன அன்று ராத்திரி அனந்தகிருஷ்ணன் சத்தம் போடுவார் என்று நான் என் பக்கச் சுவரில் காதை வைத்திருந்தேன். போடவில்லை. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருந்தா வெச்சுண்டிருப்பேளா?" என்றாள் காமு.

அவர் பதில் சொல்லவில்லை. யோசிக்காமல் 'வைத்துக்கொண்டிருப்பேன்' என்று சொல்லிவிட்டுப் போகலாம். சொல்லாததால் அந்த மனுஷர்மேல் எனக்கு மதிப்பு வந்தது. அவளுக்கு அதனால் என்ன ஆறுதல்? லாம்ப்மேன் என்று அதற்குப் பிறகு அவர் கேலி பண்ணினதில்லை. அந்தக் கேலி இல்லாமல் அந்த வீடு சவசவவென்று ஆகிவிட்டது.

செய்தி பவானிபூர், காளிகாட்டு வீடுகளெல்லாம் சுற்றி வந்தது. ஒரு வகையில் காமுவுக்கு விடுதலைதான். கர்வி என்று சொன்னவர்களெல்லாம் ஐயோ பாவம் என்று மாற்றிக்கொண்டார்கள். சாயங்காலம் கோயிலுக்குப் போனால், "யாராவது கையைப் பிடிச்சுக்கோங்கோ" என்று கூசாமல் சொன்னாள். ஆனால் மீனாக்ஷி அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். இன்னொரு வரன் என்ற பேச்சை அந்தப் பக்கத்துத் தமிழர்கள் யாரும் எடுக்கவில்லை.

ஒரு நாள் காமுவே பெண்ணிடம் கேட்டுப் பார்த்தாள், என் எதிரில்தான். "அந்தாத்துல உனக்கு யாருடி விளக்கு ஏத்தி வெப்பா? அதை நெனச்சுத்தான் சொன்னேன்."

"உனக்கு யாரு ஏத்தினா?" என்றாள் மீனாக்ஷி. "நீயேதானே ஏத்திண்டே. நானும் ஏத்திண்டிருப்பேன்."

எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் வைத்திருக்கிற என்னால் இதில் ஒரு கட்சியில் நிற்க முடியவில்லை. அம்மா செய்தது சரி என்று காலையில் தோன்றும். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் சாயங்காலத்துக்குள் மாறிவிடும்.

வைகாசியில் ஒரு மத்தியானம். காமு கொல்லைப்படியில் சிம்னி துடைத்துக்கொண்டிருந்தாள். மீனாக்ஷி தலையை உலர்த்திக்கொண்டு கிணற்றடியில் நின்றாள். நான் தண்ணீருக்குப் போனேன். மீனாக்ஷி கிட்டே வந்து, வேறு எதையோ கேட்பது போலக் கேட்டாள்.

"மாமி, அன்னிக்கு வந்தாரே, அவர் பாக்க எப்படி இருந்தார்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து ஒரு கீர்த்தனம் முழுக்கப் பாடினவள் கேட்கிறாள். பிறகு விளங்கியது. பல்பு எரிந்த நேரத்தில் இவள் உள்ளே இருந்தாள். கூடத்துக்கு வந்தபோது இவளுக்குத் தெரிந்தது லாந்தர்ச் சுடர் மட்டும்தான்.

வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கூசாமல் பொய் சொன்னேன். "என்ன பெரிசா. காது ரெண்டும் முறம். முன்பல்லு தூக்கல். நீ தப்பிச்சே."

மீனாக்ஷி தலைமயிரைக் கோதிக்கொண்டாள். "நான் பாடி முடிச்சதும், பாடினவாளுக்குக் குடிக்கத் தண்ணி குடுங்கோன்னு சொன்னார் மாமி. அது மட்டும் கேட்டுது. குரல் நன்னா இருந்தது" என்றாள். துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காமு சிம்னியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. பெண் உள்ளே போன சத்தம் அடங்கிய பிறகு, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். "நிஜத்தைச் சொல்லு சுப்பு. எப்படி இருந்தார்? வந்தபோதே நான் பயத்துல யார் முகத்தையும் நிமிர்ந்து பாக்கலை."

"நன்னா இருந்தார்" என்றேன். "ரொம்ப நன்னா இருந்தார்."

"அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்றாள் காமு.